லூச்சோ பாடியபோது மண்டபம் காலியாக இருந்தது

நானூறு கதிரைகள். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைச் சாட்டின் உறை போட்டு, முதுகில் ஊதா ரிபன் முடிந்திருந்தது. அந்த நானூறில் ஒன்றே ஒன்றில்தான் ஆள் இருந்தார். ஸ்பெயினில் இருந்து வந்த ஒரு பெண்மணி. மடியில் கைப்பை, காலடியில் நனைந்த குடை.

மேடையில் ஒருவரும் இல்லை. ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையில் வெட்டிய இரண்டு அன்னங்களும் பூச்சுற்றிய ஓர் ஊஞ்சலும் மட்டும் வெளிச்சத்தில் நின்றன.

அந்த வெறும் மண்டபம் முழுக்க ஒரு குரல். பாடுகிறவன் கண்ணில் இல்லை. எங்கே நிற்கிறான், கண்ணை மூடிப் பாடுகிறானா திறந்து பாடுகிறானா, ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் மூச்சை இழுப்பது என் நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளிலும் கேட்டது.

நான் ஒலி கலக்கும் மிக்ஸருக்குப் பின்னால் நின்றேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று லண்டன் முழுக்க ஒலி பூட்டித் திரிந்தவன் நான். என் காதுக்குக் குறை பிடிக்க மட்டும்தான் தெரியும். நல்ல பாடகர்கள் பாடும்போதும் நான் பாட்டைக் கேட்பதில்லை, வயரில் இரைச்சல் வருகிறதா என்றுதான் கேட்பேன். அன்று என் காது தன் வேலையை மறந்துவிட்டது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனுக்கு இன்று வேறு பெயர். சொன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் அதை எழுதப்போவதில்லை. எனக்கு அவன் லூச்சோ. கொலம்பியாவில் கடலோர ஊர் ஒன்றில் பிறந்து, லண்டன் டூட்டிங்கில் எங்கள் பெற்றோல் ஸ்டேஷனில் கார் கழுவிய லூச்சோ.

மண்டபம் ஏன் காலியாக இருந்தது என்று கேட்டால், அது முழுக்க முழுக்க என் பிழை. அதைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

பம்ப் நாலு

ஜெர்மனியில் இருந்து லண்டன் வந்து சேர்ந்த கதையை முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "நீங்கள் ஒலியமைப்புக்காரரா, பெற்றோல் ஸ்டேஷன்காரரா, ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்று எழுதியிருந்தார். அம்மா, இரண்டும்தான். திங்கள் முதல் சனி வரை பெற்றோல், ஞாயிறு ஒலி. எங்கள் ஆட்களில் ஒரே வேலை செய்கிறவரை லண்டனில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெற்றோல் ஸ்டேஷனில் பம்புகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வெளியே நிற்பவர் பொத்தானை அழுத்திக் கதைத்தால் உள்ளே கவுண்டரில் இருக்கும் எனக்குக் கேட்கும். அதைவிட மோசமான ஸ்பீக்கரை நான் கண்டதில்லை. அதில் எவர் கதைத்தாலும் தடிமன் பிடித்து மூக்கடைத்தவர் மாதிரித்தான் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை. கடைக்குள் ஐந்தாறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். திடீரென்று அந்த ஸ்பீக்கரில் யாரோ பாடுகிறார்கள். ஸ்பானிய மொழி. எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் பால் போத்தலோடு நின்ற வெள்ளைக்காரக் கிழவி, கையில் காசை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் நின்றவன் நேரமாகிறது என்று முணுமுணுக்கவில்லை. நானும் காசை வாங்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். நாலாம் பம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான் புதிதாகச் சேர்ந்த கார்க் கழுவும் பையன். பையன் என்றாலும் இருபத்து மூன்று வயது. துணி பிடித்த கை பொத்தானில் அழுந்தியிருந்தது அவனுக்குத் தெரியாது. தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தான்.

வரிசை கலைந்ததும் வெளியே போனேன். ஏசப்போகிறேன் என்று நினைத்து, "மன்னிக்க வேண்டும், செனோர்" என்று துணியை உதறினான்.

"இன்னொரு தரம் பாடு" என்றேன்.

எங்கள் இரண்டு பேரின் ஆங்கிலமும் அந்த நாட்களில் ஒரே தரம். அதனால் நன்றாக விளங்கியது.

தெரிந்த தாளம்

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் அவன் என் வான் வண்டிக்குள் வந்து குந்துவான். வானில் பின்பக்கம் ஸ்பீக்கர் பெட்டிகள் எப்போதும் இருக்கும். அவன் தானே செய்த தாளத்தை ஒரு சீடியில் கொண்டுவருவான்.

அது ரெகேட்டோன், லத்தீன் அமெரிக்க ஆட்டத் தாளம். அந்தச் சொல்லை நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். அவன் போட்டுக் காட்டியதும் சிரித்துவிட்டேன். "இது எங்கடை பைலாவெல்லோ" என்றேன். எங்கள் ஊர்க் கொண்டாட்டங்களில் ஆடும் பைலா என்றால் என்னவென்று அவனுக்கு விளங்கப்படுத்த டாஷ்போர்டில் தட்டிக் காட்டினேன். அவன் மறுபக்கத்தில் தட்டினான். இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை, ஆனால் சண்டையும் பிடிக்கவில்லை. பக்கத்தில் காரில் இருந்தவர் எங்களைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான்.

ஒலிப் பைத்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் அகதி விடுதியில் ஓர் அறையில் எட்டுப் பேர் இருந்தோம். எல்லோருக்குமாக ஒரு கசெற் ரெக்கோடர். அது நின்றுபோனபோது எரித்திரியாக்காரர் ஒருவர் சுவிங்கம் சுற்றிய வெள்ளித்தாளைக் கிழித்து உள்ளே வைத்துப் பாட வைத்தார். அறையில் அழுகையும் சிரிப்புமாகப் போய்விட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், வயரும் நானும்தான் இனி என்று.

லூச்சோவுக்கு வருவோம். அவனுடைய சிக்கல் என்னவென்றால், அந்த நாட்களில் ரெகேட்டோன் என்றால் முரட்டுப் பாட்டு. இவன் அந்தத் தாளத்தின் மேல் மென்மையாகக் காதலிப்பான். ஐந்து மணிக்கு வருகிறேன் என்று சொன்ன ஒருத்திக்காக மழையில் பஸ் தரிப்பில் நிற்பவனின் பாட்டு ஒன்று இருந்தது. அவ்வளவுதான் பாட்டு. அவள் வரவும் மாட்டாள், இவன் போகவும் மாட்டான். தென்னமெரிக்கர்கள் ஆடப் போகும் கிளப்களில் இவனை ஏற்கவில்லை. "ஆட வந்த சனம் அழ வராது" என்று ஒரு கிளப்காரர் சொன்னாராம்.

என் மனைவி மலருக்கும் அவனைப் பிடிக்கவில்லை. அவன் பேரைக்கூடச் சொல்ல மாட்டாள். "அந்தக் கார்க் கழுவுறவன்" என்றுதான் சொல்வாள்.

"என்ன பாடுறான் எண்டு உங்களுக்கு விளங்குதோ?"

"இல்லை."

"பின்னை என்னத்துக்கு வானுக்கை இருந்து தலையாட்டுறீங்கள்?"

நான் வானைக் கழுவ வெளியே போனேன்.

எங்களிடம் சனம் இருக்கிறது

ஒருநாள் லூச்சோ முகம் வெளிறி வந்தான். அவனுடைய மாணவர் விசா முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. புதுப்பிக்க வழியில்லை. ஆனால் அதே நேரம் ஒரு நல்ல செய்தியும் வந்திருந்தது. மட்ரிட்டில் இசைக் கொம்பனி ஒன்றில் வேலை செய்யும் அமாலியா என்ற பெண்மணிக்கு அவன் அனுப்பிய சீடி பிடித்திருக்கிறது. அவர் ஒரு வார இறுதி லண்டனில் நிற்கிறார்.

"நல்லதுதானே" என்றேன்.

"அவர் என்னைத் தனியாகப் பாடச் சொல்லிக் கேட்க மாட்டாராம். அறைக்குள் எல்லோரும் நன்றாகப் பாடுவார்களாம். என்னைத் தெரியாத சனத்துக்கு முன்னால் பாட வேண்டும். அந்தச் சனம் என்ன செய்கிறது என்று பார்ப்பாராம்."

"அதுக்கென்ன?"

"எனக்குச் சனம் இல்லை, செனோர். ஒரு கிளப்பும் இடம் தராது. இது போனால் நான் ஊருக்குப் போய் மாமாவின் மீன்லொறி ஓட்ட வேண்டியதுதான்."

நான் யோசிக்கவே இல்லை. "சனம்தானே? எங்களிடம் சனம் இருக்கிறது" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹரோவில் கிருபா அண்ணையின் மகளின் சாமத்திய வீடு. கிருபா அண்ணை டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்து முன்னுக்கு வந்து ஹரோவில் வீடு வாங்கியவர். பிள்ளை பெரியவளாகிவிட்டதை நானூறு பேருக்குச் சொல்லாவிட்டால் அது எங்கே பெரியவளாவது? இந்த விழாக்களில் யார் எதைப் புதிதாகச் செய்வது என்ற போட்டி அப்போது உச்சத்தில் இருந்தது. குதிரை வண்டி வந்துவிட்டது. பல்லக்கு வந்துவிட்டது. ஒருவர் ஹெலிகொப்டரும் இறக்கிவிட்டார்.

"அண்ணை, வெளிநாட்டுப் பாட்டுக்காரன் ஒருத்தன் இருக்கிறான். இன்னும் ஒருத்தரும் செய்யேல்லை" என்றேன்.

கிருபா அண்ணை கணக்குக் கொப்பியை மூடினார். "வெள்ளையே?"

"கொலம்பியா."

"ஆள் வடிவோ?"

"வடிவுதான்."

"அப்ப சரி. ஆனா மேடையில நிண்டு பாடவேணும். நான் அந்த அன்னங்களைச் செய்விக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "எங்கடை சனத்தின்ரை சபையில கொண்டுபோய்ப் பரிசோதனை செய்யப் போறீங்கள். பிழைச்சா ஒருத்தரும் எங்களைக் கூப்பிட மாட்டினம். நீங்களும் உங்கடை கார்க் கழுவுறவனும் ஒரு மூலைக்குள்ளை இருந்து தலையாட்டுங்கோ" என்றாள்.

கதவின் சட்டம்

லண்டனில் எங்கள் கொண்டாட்டங்களுக்கு ஓர் எழுதாத சட்டம் உண்டு. சாப்பாட்டுக் கூடத்தின் கதவைத் திறந்தால் நிகழ்ச்சி முடிந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு அழைப்பு இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவினால் அடுத்தது கார்த் திறப்பை எடுப்பதுதான்.

அதனால் கடைசி நிகழ்ச்சி முடியும்வரை கதவு திறக்கக் கூடாது. அதை அறிவிக்கிற பொறுப்பு மைக் வைத்திருப்பவனுக்கு, அதாவது எனக்கு. அந்தப் பக்கம் பரிமாறும் பெண்களுக்கு மலர்தான் தலைவி. ஸ்பீக்கரில் என் குரல் கேட்ட பிறகுதான் அவள் தாழ்ப்பாளை எடுப்பாள். என் சொல்லை அவள் கேட்கிற இடம் அது ஒன்றுதான்.

அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. பிள்ளை பல்லக்கில் வந்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தப் பல்லக்கில் இருப்பதைவிடப் பல் பிடுங்குவது சுகமாக இருந்திருக்கும் என்பது முகத்தில் தெரிந்தது. ஆலாத்தித் தட்டுச் சுற்றி முடிந்தது. படம் எடுப்பு முடிந்தது. ஒரு மணிக்கு லூச்சோ பாட வேண்டும். அமாலியாவும் ஒரு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

லூச்சோ மேடைக்குப் பக்கத்தில் நின்றான். எங்கிருந்தோ இரவல் வாங்கிய வெள்ளைக் கோட், கை கொஞ்சம் கட்டை. அவன் கண் வாசலிலேயே இருந்தது.

ஒரு மணி. அமாலியா இல்லை. வெளியே மழை. ஞாயிற்றுக்கிழமைத் தண்டவாள வேலையால் அந்தப் பக்கம் ரயிலுக்குப் பதில் பஸ் ஓடியது. ஒன்றேகால். ஒன்றரை. நான் ஒவ்வொரு பாட்டாகப் போட்டுச் சமாளித்தேன். சனம் திரும்பித் திரும்பிச் சாப்பாட்டுக் கதவைப் பார்க்கத் தொடங்கியது. கதவிடுக்கால் கத்தரிக்காய்க் குழம்பு வாசம் வேறு வந்தது.

அப்போதுதான் ஒரு பெரியவர் மிக்ஸர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றி வியர்த்திருந்தது.

"தம்பி, எனக்குச் சுகர். ஊசியும் போட்டிட்டன். இனியும் சாப்பிடாட்டில் விழுந்திடுவன்."

உண்மையாகவே விழுந்துவிடுவார் போல இருந்தது. அவரை மட்டும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். மலரிடம் சொன்னால் ஒரு தட்டு வந்திருக்கும். அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. மைக்கை எடுத்தேன். மிக மரியாதையாகச் சொன்னேன்.

"சுகர் உள்ள பெரியவர்கள் மட்டும் முதலில் சாப்பிடலாம்."

முன்வரிசை எழும்பியது. இரண்டாம் வரிசை எழும்பியது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட எங்கள் சனத்தில் சுகர் இல்லாதவர் யார்? சுகர் உள்ளவரைத் தனியே விடலாமா என்று மனைவிமார் எழும்பினார்கள். தாய் தகப்பன் போனபிறகு நாங்கள் என்ன செய்வது என்று பிள்ளைகள் எழும்பினார்கள். பிறக்கும்போதே சுகரோடு வந்தவர் மாதிரி ஒரு இளம் மாப்பிள்ளை எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினார்.

நான் மைக்கில் "மட்டும், மட்டும்" என்று கத்தினேன். யார் கேட்டது? நாலு நிமிடத்தில் நானூறு சாட்டின் கதிரைகளும் நானும்தான்.

லூச்சோ ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தான். "செனோர், எங்கே போகிறார்கள்?"

அந்த நேரத்தில்தான் அமாலியா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

ஊளையும் அமைதியும்

அவர் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு லூச்சோவை. பிறகு, மரியாதைக்காக ஒரு கதிரையில் உட்கார்ந்தார். இருபது நிமிடம் இருந்துவிட்டு எழும்பிப் போகிறவரின் உட்காரல் அது.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்றிருந்தது. என் நாக்கால் ஒருவனுடைய வாழ்க்கை போகப்போகிறது. மீன்லொறி என் கண்ணுக்கு முன்னால் ஓடியது.

லூச்சோ என்னைத் திட்டவில்லை. வயர் இல்லாத மைக்கைக் கையில் எடுத்தான். சாப்பாட்டுக் கதவைக் காட்டி, தாளத்தைப் போடு என்று விரலால் சைகை செய்தான். கோட்டை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான். கதவு அவனுக்குப் பின்னால் மூடியது.

இங்கே கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புக்காகச் சாப்பாட்டுக் கூடத்திலும் இரண்டு சின்ன ஸ்பீக்கர் பூட்டியிருந்தேன். அதோடு, மைக்கின் ஒலி வந்து சேரும் இடத்திலேயே ஒரு மினிடிஸ்க் ரெக்கோடரும் இருந்தது. நான் மண்டபத்தில் சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும், மைக் கேட்டதெல்லாம் அதில் பதிவாகிக்கொண்டே இருக்கும்.

தாளத்தைப் போட்டேன். அவன் தொடங்கினான். மைக்கில் அவன் குரலைவிடப் பீங்கான் தட்டுச் சத்தம்தான் கூடக் கேட்டது. கரண்டி, கதிரை இழுக்கும் சத்தம், யாரோ ஒருவர் அப்பளம் எங்கே என்று விசாரிக்கும் சத்தம். நானூறு பசித்த வாய்கள். அவன் பாடப் பாட அவர்களும் குரலை உயர்த்தினார்கள். பிறகு அவன் மைக்கோடு அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குக் கிட்டப் போயிருக்க வேண்டும். ஊ என்று ஓர் ஊளை கிளம்பியது. காது கிழிந்துவிடும்.

அமாலியா காதைப் பொத்தினார். நான் பதறிப்போய் எல்லாவற்றையும் கீழே இழுத்தேன். தாளம், உள்ளே இருந்த ஸ்பீக்கர், மண்டபத்து மைக், எல்லாம். முழு அமைதி. ஐந்து விநாடியோ பத்து விநாடியோ தெரியாது. அமாலியா கைப்பையைத் தோளில் மாட்டினார்.

மண்டபத்துக்கு மைக்கை மட்டும் மெல்ல ஏற்றினேன்.

ஒன்றும் கேட்கவில்லை. தட்டுச் சத்தம் இல்லை, கரண்டி இல்லை, அப்பளம் இல்லை. மைக்கில் பற்றரி போய்விட்டது என்றுதான் நினைத்தேன். எங்கள் சனம் சாப்பிடும்போது கடவுள் வந்தாலும் வாய் மூடாது. இது எப்படி?

அப்போது ஒரு மூச்சுக் கேட்டது.

பஸ் தரிப்புப் பாட்டு. தாளம் இல்லை, வாத்தியம் இல்லை. அவன் வெறும் குரலில் அந்தப் பெண்ணுக்காகக் காத்து நின்றான். நாலாம் பம்பில் கேட்ட அதே குரல். ஆனால் இப்போது அதைச் சுற்றி நானூறு பேரின் அமைதி இருந்தது. ஆளில்லாத அறையின் அமைதி வேறு, ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அமைதி வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒலிக்காரனால் முடியும்.

அமாலியா தோளில் மாட்டிய பையை மெல்லக் கழற்றி மடியில் வைத்தார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. மேடையில் அந்த இரண்டு அன்னங்களைப் பார்த்தபடியே இருந்தார்.

பாட்டு முடிந்தது. ஒரு கரண்டி தட்டில் வைக்கப்படுவது கேட்டது. பிறகு கைதட்டல். மைக்கிலும் கேட்டது, கதவைத் தாண்டி நேரேயும் கேட்டது.

அவர் என்னிடம் வந்தார். "அவர்களை யார் அமைதியாக்கியது?" என்று கேட்டார்.

"அவன்தான். எங்கள் சனத்தை வேறு யாராலும் முடியாது" என்றேன். அன்று நான் அதை மனமார நம்பினேன்.

"இது பதிவாகியிருக்கிறதா?"

மினிடிஸ்க்கை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிரதி எடுத்து வைக்கவில்லை. ஒலிக்காரன் செய்யக்கூடாத வேலை. அன்று செய்த இரண்டாவது முட்டாள்தனம்.

பஸ்ஸின் பக்கவாட்டில்

அடுத்த வெள்ளிக்கிழமை லூச்சோ விமானம் ஏறினான், ஊருக்கல்ல, மட்ரிட்டுக்கு. போகும் முன் பெற்றோல் ஸ்டேஷனுக்கு வந்து நாலாம் பம்பின் பொத்தானை அழுத்தி, "போய் வருகிறேன், செனோர்" என்றான். நான் கவுண்டருக்குள் இருந்தபடியே கையைக் காட்டினேன். வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

கிருபா அண்ணை மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "ஊர் முழுக்க என்ரை சாமத்திய வீட்டைப் பற்றித்தான் கதைக்குது. ஆனா அன்னத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை" என்பதுதான் அவருடைய கவலை.

ஒரு வருடம் கழித்து, கவுண்டரில் இருக்கும்போது ரேடியோவில் அந்தக் குரல் வந்தது. ஆங்கில ரேடியோவில், ஸ்பானியப் பாட்டு. இப்போது தாளமும் வாத்தியமும் சேர்த்திருந்தார்கள். மீதிக் காசை யாருக்கோ கூடக் கொடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்சக் காலத்தில் அப்டன் பார்க்கில் சேலைக் கடைக்குள் அதே பாட்டு. பிறகு ஒருநாள் டூட்டிங்கில் சிவப்பு பஸ்ஸின் பக்கவாட்டில் அவனுடைய முகம், ஒரு ஜன்னலில் இருந்து அடுத்த ஜன்னல் வரைக்கும். பஸ் போனபிறகும் நான் தெருவோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு காலம் பம்ப் துடைக்க நான் துணி எடுத்துக் கொடுத்த பையனின் முகம் அது.

ஆட்களிடம் சொன்னால் நம்பவில்லை. "ஓம் ஓம், மடோனாவும் உங்கடை ஸ்டேஷனிலதானே வேலை செய்தவ" என்றார்கள். மலர் மட்டும், "சொல்லித் திரியாதேங்கோ. தெரிஞ்சவைக்குத் தெரியும்" என்றாள். அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

நிகழ்ச்சி

அவன் போய்ப் பத்தாண்டு முடியும் தறுவாயில் ஒரு கடித உறை வந்தது. உள்ளே இரண்டு டிக்கெட். லண்டனில் ஆற்றோரம் இருக்கும் மிகப் பெரிய அரங்கு. உறைக்குப் பின்னால், "செனோருக்கும் செனோராவுக்கும்" என்று பேனாவால் எழுதியிருந்தது.

மலர் வரமாட்டாள் என்று நினைத்தேன். சிவப்புக் கரைச் சேலை கட்டி, எனக்கு முன்னால் கதவடியில் நின்றாள்.

அவ்வளவு சனத்தை நான் ஒரே கூரைக்குக் கீழ் பார்த்ததில்லை. ஸ்பீக்கர்கள் கூரையில் இருந்து மாலை மாலையாகத் தொங்கின. தொழில்காரன் என்ற முறையில் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். லூச்சோ வந்தான். கை கட்டையில்லாத வெள்ளைக் கோட். சனம் ஆடியது, கத்தியது, தாளத்துக்கு நிலம் அதிர்ந்தது.

ஒரு கட்டத்தில் எல்லா விளக்கும் அணைந்தன. சனம் கத்திக்கொண்டே இருந்தது. அந்த இருட்டில் ஒரு சத்தம் வந்தது.

பீங்கான் தட்டு. கரண்டி. கதிரை இழுக்கும் சத்தம். யாரோ அப்பளம் கேட்கிறார்.

என் மினிடிஸ்க். ஹரோ. நான் மண்டபத்தில் சத்தத்தைக் கீழே இழுத்துவிட்டு நின்ற அந்தப் பத்து விநாடி. நான் அன்று கேட்காததை மைக் கேட்டிருக்கிறது. இப்போது அது அத்தனை ஸ்பீக்கரிலும் வந்தது. ஒரு பெண்ணின் குரல். உரத்து, உறுதியாக, யாழ்ப்பாணத் தமிழில்.

"எல்லாரும் கொஞ்சம் பொறுங்கோ. அந்தப் பிள்ளை பாடட்டும்."

அந்தப் பெரிய அரங்கு அடங்கியது. அவர்களுக்கு இது பழக்கம் போல இருந்தது. முன்னால் நின்ற பெண்கள் விரலை வாயில் வைத்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை அந்தச் சொற்களைத் தன் உச்சரிப்பில் மெல்லச் சொன்னாள். என்ன மொழி என்று அவளுக்குத் தெரியாது. எத்தனை ஊர்களில், எத்தனை அரங்குகளில் இந்தக் குரல் சொல்லி இப்படிச் சனம் அடங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். என்னால் எண்ண முடியவில்லை.

மலரைப் பார்த்தேன். இருட்டில் அவளுடைய மூக்குத்தி மட்டும் தெரிந்தது.

"சொன்னது நீரோ?"

"பின்னை ஆர்?"

"இவ்வளவு வருசமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே. அவன்தான் எல்லாரையும் அடக்கினவன் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சியள். சரி, நல்லாத்தானே இருக்கு எண்டு விட்டிட்டன்."

"உமக்கு அவனைப் பிடிக்காதே."

"பாவம், அந்த ஊளைச் சத்தத்துக்கை கோட்டை இழுத்துக்கொண்டு நிண்டது. ஆர் பெத்த பிள்ளையோ."

நான் இன்னும் ஏதோ கேட்க வாயைத் திறந்தேன். மேடையில் ஒரு மூச்சுக் கேட்டது. மலர் என் கையைப் பிடித்து அமத்தினாள்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். "பிள்ளை பாடட்டும்."